கொல்லையில் சொன்ன பெயர்

பிரெஞ்சுக்காரர்கள் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. தேர்தல் வரப்போகிறது என்று வீடு வீடாக வாக்காளர் கணக்கு எடுத்தார்கள். என் மூத்தவன் அப்போது கைக்குழந்தை. அவனைக் குளிப்பாட்ட எனக்குப் பயம். வெந்நீர் சுடுமோ, மூக்கில் ஏறுமோ என்று தோன்றும். பின்சந்துக் குடிசையிலிருந்து ஒருத்தி வந்து, கால்களை நீட்டி அவனைப் போட்டுக் குளிப்பாட்டிவிட்டுப் போவாள்.

பிரெஞ்சு எல்லைக்குள் வர பாஸ் கேட்ட காலத்தில், அவளும் புருஷனும் பாஸ் இல்லாமல் தோணியில் வந்து எல்லைக்கு உள்ளே கனகசெட்டிக்குளத்தில் கரையேறியவர்கள். அவன் ஆலையில் வேலை பார்த்தான். இப்போது எல்லையில் காவல் இல்லை. ஆனாலும் பட்டியலில் பெயர் ஏறாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சந்தில் பேச்சு. அது உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. இல்லை என்று சொல்லவும் துணிவில்லை.

என் மாமனார் மேரியில், அதாவது நகரசபையில், குமாஸ்தாவாக இருந்தவர். தோணியில் வந்தவனுக்கெல்லாம் ஓட்டுக் கொடுத்தால் நாளைக்கு அவன் கைகாட்டுகிற ஆள்தான் நாற்காலியில் உட்காருவான், இங்கே பிறந்த நாம் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான் என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். அதில் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றும். குழந்தை அவள் காலிலேயே தூங்கிப்போவதைப் பார்த்தால் தோன்றாது.

கணக்கெடுப்பவர் வந்தபோது அவள் எங்கள் கொல்லையில் இருந்தாள். குழந்தை காலில் கிடந்தது. பின்சந்துக்குப் போகாமல் அங்கேயே அவள் புருஷன் பெயரைக் கேட்டார். அவள் எப்படிச் சொல்வாள்? தலையைக் குனிந்துகொண்டு, மலைமேல் இருக்கிற சாமி பெயர் என்றாள்.

"எந்த மலை, எந்தச் சாமி? கள்ளத்தோணிங்க இப்படித்தான் மழுப்பும்" என்று அவர் காகிதத்தை மடித்தார்.

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கம்மா. படிச்சவங்கதானே."

அது என் மாமனாரின் பெயரும்கூட. கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சாமியையே நான் வேறு பெயரால்தான் கும்பிட்டு வந்தேன். மாமனார் கூடத்தில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். எழுதிக் கொடுத்திருக்கலாம் என்ற யோசனை பிறகுதான் வந்தது. சொல்லிவிட்டேன், உரக்கவே.

கூடத்தில் பத்திரிகை புரளும் சத்தம் நின்றது. அவர் கொல்லைப்பக்கம் வந்தார்.

"எழுதிக்கப்பா" என்றார் கணக்கெடுப்பவரிடம். "நாலஞ்சு வருஷமா இங்கதான் இருக்காங்க. எங்க கட்சிக்குப் போட மாட்டாங்க, அது வேற."

என்னைப் பார்க்காமலே உள்ளே போனார். எப்போதும் நான் கொடுக்கும் காபியை அன்று மாமியாரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கணக்கெடுப்பவர் போன பிறகு அவள் கேட்டாள், "இனிமே எங்கள அனுப்ப மாட்டாங்க இல்லம்மா?"

மாட்டார்கள் என்றேன். சொன்னபோது அது எனக்குத் தெரியாது. அவள் கேட்டுக்கொண்டு அடுத்த செம்புத் தண்ணீரை ஊற்றினாள்.