ஒற்றைத் தும்மல்

மேட்டுநிலத்துக் காற்று மூக்குக்கு நல்லது என்று பட்டணத்து வைத்தியர் சொன்னதை நம்பிக் கோலார் தங்கவயலுக்கு வந்திருக்கிறேன். இங்கே கல் இடிக்கும் ஆலையின் தூளுக்குத்தான் காற்று என்று பெயர்.

காலை ஷிப்டுக்காரர்கள் மெழுகுவர்த்தியும் கையுமாகச் சுரங்கத்தில் இறங்கும் கூண்டில் ஏறுகிறார்கள். வேடிக்கை பார்க்க நின்ற நான் தும்முகிறேன். ஒன்றே ஒன்று. ஏறியவர்கள் அத்தனை பேரும் கூண்டை விட்டு இறங்கிவிடுகிறார்கள்.

"இன்னா சாமி, கெளம்பற நேரத்துல ஒத்தத் தும்மல் போட்டுட்டீங்க! எவன் கீழ போவான்?" என்கிறார் மேஸ்திரி. "இன்னொண்ணு போடுங்க, ரெட்டையானா தோஷமில்ல. தொரை பாத்தா எல்லாரையும் வேலைய விட்டுத் தொரத்திடுவான்."

வீட்டில் விடாமல் தும்மித் தெருவையே எழுப்பும் மூக்கு, இப்போது மௌனவிரதம் பூண்டுவிட்டது. சூரியனைப் பார்க்கிறேன், துண்டு நுனியைத் திரித்து மூக்கில் விடுகிறேன். ஒரு ஷிப்டே என் மூக்கைப் பார்த்துக் காத்திருக்கிறது. அதற்கு இத்தனை மரியாதை என்றும் கிடைத்ததில்லை.

மேஸ்திரி மடியிலிருந்து பொடிமட்டையை எடுத்து நீட்டுகிறார். ஒரு சிட்டிகை இழுத்ததும் இரண்டாவது தும்மல் வருகிறது.

"வந்துட்ச்சுடா, ஏறுங்க!"

கூண்டு நிறைகிறது. அதற்குள் மூன்றாவதும் கிளம்பிவிட்டது. இரு கைகளாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணீர் வழிய நிற்கிறேன்.

கீழே இறங்கும் கூண்டிலிருந்து ஒருவர் என்னைத் தேற்றுகிறார்: "அழுவாதீங்க சாமி, பொழுதோட மேல வந்துடுவோம்."