சின்னான் திருகிய பொத்தான்

காலை ஏழு மணிக்குத் தம்பின் டவுனில் பஸ் ஏறினேன். மலாக்காவுக்கு இருபத்து நாலு மைல். டிக்கெட் ஒரு வெள்ளி. மழை பிடித்துக்கொள்ளுமோ, பஸ் நடுவழியில் நின்றுவிடுமோ என்று அலோர் காஜா வரும்வரை சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். மலாயா சுதந்திரம் வாங்கிய மறுவருஷம் அது. நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டப் போனவள். எழுத்தில் தப்பு இருந்தால், பிள்ளைகளே, பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

அண்ணன் வளர்த்த குரங்கை வாங்கிவரப் போகிறேன் என்று சொல்லித்தான் லீவு கேட்டேன். அது பாதி நிஜம். அண்ணனுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆள் பாதியாகிவிட்டார். நாகப்பட்டினத்துப் பக்கம் இருக்கிற மனைவி மக்களிடம் போய்விடுவதற்காக மறுநாள் கப்பலுக்குக் கிளம்புகிறார். போனால் திரும்பமாட்டார் என்று எனக்குத் தெரியும். கையைக் காலைப் பிடித்தாவது அவரை நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் மீதிப் பாதி.

எட்டரை மணிக்கு மலாக்கா. அங்கிருந்து அண்ணன் குடியிருந்த காஜா பேராங்குக்கு நடந்தேன். வீட்டுக்கு வீடு தென்னை. தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்து தமிழை மறந்த பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் நெற்றியில் விபூதியும் வாயில் மலாய்ப் பேச்சுமாக வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் மரத்தடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கயிற்றின் மறுமுனையில், மரத்து உச்சியில் சின்னான்.

தேங்காய் பறிக்கும் குரங்கை நீங்கள் பார்த்ததில்லை என்றால் கேளுங்கள். முற்றின காயை அது தட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடும். பிறகு கையும் காலும் போட்டுக் காம்பு அறும்வரை காயைத் திருகும். மட்டையில் கயிறு சிக்கினால் தானே சுற்றி வந்து பிரித்துக்கொள்ளும். "துருன்" என்று அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இறங்கிவிடும். மலாயில் அதற்கு இறங்கு என்று அர்த்தம்.

திருகுகிற பழக்கம் கீழே வந்தும் விடாது. ரொட்டிக்காரர் சைக்கிளில் டயர் வால்வைத் திருகிக் காற்றைப் பிடுங்கிவிடுமாம். அவர் குனிந்து பார்க்கிற நேரத்தில் பின்னால் கூடையிலிருந்து ஒரு ரொட்டி போய்விடுமாம். இதைச் சொல்லிச் சிரித்த அண்ணனுக்கு இருமல் வந்தது. நிற்க வெகுநேரம் ஆயிற்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்து மணி வாக்கில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டுவிட்டேன்.

"போகாதண்ணே. தோட்டத்துக்கு வந்துரு. நான் பாத்துக்கிறேன்."

"ஆறு வயசுல விட்டுட்டு வந்த பையன், பொன்னி. இப்ப மீசை முளைச்சிருக்கும். எம் மூஞ்சிய ஒரு தடவையாச்சும் பாக்கட்டும்." கயிற்றை என் கையில் வைத்தார். "இவன நீ வச்சுக்க. என்னை மாதிரி இருமமாட்டான்."

கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டேன்.

மதியம் இரண்டு மணிக்கு பஸ் நிலையத்தில் எங்களை விட்டுவிட்டு அண்ணன் திரும்பி நடந்தார். கட்டினால் அவிழ்த்துக்கொள்ளும், ஆள் பிடித்திருந்தால்தான் நிற்கும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கேட்டேனா? டிக்கெட் வாங்கும்போது ஓடிவிடுமோ என்ற பயத்தில், மாட்டைக் கட்டுவதுபோலக் கம்பத்தில் மூன்று முடிச்சுப் போட்டேன். திரும்பிப் பார்த்தால் கயிறு மட்டும் கிடந்தது.

ஓடினேன். காஜா பேராங் ரோட்டுத் திருப்பத்தில் அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். சின்னான் அவர் மடியில் ஏறி, தலைமயிரைப் பிரித்துப் பிரித்துப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணெல்லாம் நனைந்திருந்தது. இனி போகமாட்டார் என்று நினைத்தேன்.

"நான் சொல்லித்தான் கேக்கல. அது சொல்றதையாச்சும் கேளேண்ணே."

சின்னான் முதுகைத் தடவிக் கொடுத்தார். பிறகு குரங்கைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தார்.

மூன்று மணி பஸ். சன்னலுக்கு வெளியே அண்ணன். உள்ளே என் மடியில் இருந்த சின்னான் கையை நீட்டி அவர் சட்டையின் மேல் பொத்தானைத் திருகியது. அவர் தடுக்கவில்லை. பஸ் நகர்ந்தது, பொத்தான் அதன் கையோடு வந்துவிட்டது. அதை வாய்க்குள் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டது.

"அக்கா, புள்ளைக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. அரை டிக்கெட் எடுத்தேன். செங் ஊரைத் தாண்டியதும் ஒரு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தேன். அது வாயைத் திறக்கவே இல்லை.

மறுநாள் காலை அதைத் தோட்டத்துக்குள் கூட்டிப்போனேன். எங்கள் பக்கம் எங்கே பார்த்தாலும் ரப்பர் மரம்தான். ஒரு தென்னை கிடையாது. புறப்படும்போது அது எனக்குத் தோன்றவே இல்லை. சின்னான் ஒரு மரத்தில் ஏறியது. உச்சிவரை போய்க் கிளை கிளையாகத் தேடியது. தட்டிப் பார்க்கவும் திருகவும் அங்கே ஒன்றும் இல்லை. அந்நேரம் அண்ணன் கப்பலுக்குக் கிளம்பியிருப்பார்.

"துருன்" என்றேன், அண்ணன் குரலில் சொல்லிப் பார்த்து.

உடனே இறங்கி வந்தது. என் முகத்தைப் பார்த்தது. எனக்குப் பின்னால் போய் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தது. திரும்பி வந்து என் காலடியில் உட்கார்ந்து, கன்னத்திலிருந்து பொத்தானை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டது. ஓடிவிடுமோ என்று கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். அது அசையவில்லை. பிடிக்கத் தேவையே இல்லை.