மலர்க்கொடி அக்காவின் ஆறாவது குழாய்

இதை எழுதுவதற்கு முதலில் அக்கா வீட்டார் என்னை மன்னிக்க வேண்டும். நான் உறவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக்காக அவருடைய ரத்தத்தை வாங்கிப் போனவள்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது நர்ஸ் போன் செய்தார். "வல்லத்திராக்கோட்டை மலர்க்கொடி தவறிட்டாங்கம்மா. நுரையீரல்ல கிருமி." துக்கத்துக்குப் போனேன். அக்காவின் கணவர் செல்வம் அண்ணன் என்னை அடையாளம் கண்டு, "அவளக் குத்துனது போதும்மா. இருக்கிற ரத்தத்தயும் கீழ ஊத்திருங்க" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அக்காவுக்கு லூபஸ். உடலைக் காக்க வேண்டிய செல்கள் உடலையே தாக்கும் நோய். அந்தச் செல்களில் உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் அளவைக் கொண்டு, நோய் சீறப்போவதை முன்பே அறிய முடியுமா என்று பார்க்கிறோம். ஒப்புதல் படிவத்தை எல்லாரும் கையெழுத்திட்டுத் தந்துவிடுவார்கள். அக்கா மட்டும் முழுவதும் படித்துவிட்டு, மைக்ரோ ஆர்.என்.ஏ. என்றால் என்ன என்று கேட்டார்.

"ஜீன்ல இருக்கிற உத்தரவ செல்லு நகல் எடுக்கும்க்கா. அதுல சிலத இது கிழிச்சுப் போட்டுரும்."

ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் அவர். "கிழிக்கவும் ஒரு ஆளு வேணும்தான். இல்லாட்டி நான் எடுக்கிற மனு அம்புட்டும் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருமே!" என்று சிரித்தார். பிறகு, "இம்புட்டுத் தெரிஞ்சுக்கிட்டு ஏத்தா தரையப் பாத்தே பேசுற? நிமுந்து பேசுனா ஒன் பட்டத்தத் திருப்பிக் கேட்டுருவாங்களா?" என்றார். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது.

அவர் ரத்தம் எனக்கு விளங்கவே இல்லை. விரல்கள் வீங்கியிருக்கும், அளவுகளோ நோய் அடங்கியவருடையவை போல இருக்கும். ரத்தம் பிடித்த குழாயை மாற்றிவிட்டேனோ என்று பயந்து மறுபடி மறுபடி சோதித்தேன். ஐந்தாம் முறை அவரையே கேட்டேன்.

"ரத்தம் குடுக்கணும்னா ரெண்டு நாளைக்கு முன்னாடியே ஸ்டீராய்டு ஒண்ணு கூடப் போட்டுக்குவேன்த்தா. அடுத்தவங்களுக்குக் குடுக்கிறப்ப சொத்தையாவா குடுக்கிறது?"

நோயை அடக்கும் மாத்திரை அது. டாக்டர் அவரைத் திட்டினார். எழுதித் தந்த அளவை மாற்றக் கூடாது, காலை மாத்திரைக்கு முன்பே வர வேண்டும் என்றார். ஐந்து குழாய்களையும் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கினோம். ஆறாம் முறை முதல் பஸ்ஸில், மாத்திரையைப் பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டு வந்தார். "இந்தா, சொத்தையாவே வாங்கிக்க. என்ன வந்துச்சுன்னு எனக்குச் சொல்லிரணும்."

அதைச் சோதிக்கும் முன்பே போய்விட்டார்.

இப்போது ரத்தம் கொடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும் என்ன மாத்திரை போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்று முகம் பார்த்துக் கேட்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கேள்விதான்.

செல்வம் அண்ணே, அந்தக் குழாயில் இருப்பதை நான் கீழே ஊற்றவில்லை, உறைய வைத்திருக்கிறேன். உங்கள் சம்மதமில்லாமல் யாரும் அதைத் தொட மாட்டார்கள். வேண்டாம் என்றால் நீங்கள் சொன்னபடியே செய்கிறேன். முடியுமானால், அதைத் திறக்க விடுங்கள். அக்காவுக்குச் சொல்ல வேண்டியதை உங்களிடம் வந்து சொல்கிறேன்.