மேசைமேல் வைத்தால் நாலு கேள்வி

பள்ளிக்கூட வேலை என்றால் நாம் கேள்வி கேட்பது, பிள்ளைகள் பதில் சொல்வது என்று நம்பி வந்தவள்தான் நானும். சாக்கட்டித் தூசியில் தும்மியே காலம் தள்ளும் ஆசிரியர்களான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டாம். இரண்டே வாரத்தில் எல்லாம் தலைகீழாகிவிடும்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி மாறி மூன்று வருஷம் ஆன சமயம். தெற்கே உப்பளம் பகுதியில் இருந்த வீட்டிலிருந்து நடந்தே போய், ஊரின் வடக்குக் கோடியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டு பிள்ளைகள். டீச்சர் என்று கூப்பிட அங்கே இன்னும் யாருக்கும் நாக்கு வரவில்லை, எல்லோருக்கும் நான் மதாம்தான். வேலை தற்காலிகம். அப்பா படுத்த படுக்கை, வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் என்னுடையது. புது இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து நல்லபடி எழுதினால் நிரந்தரம், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

வியாழக்கிழமை வியாதி

பிரெஞ்சுக்காரர் காலத்தில் எங்களுக்கு வியாழனும் ஞாயிறும் லீவு. கொடி மாறியதும் எங்கள் பள்ளியில் வியாழனை எடுத்துக்கொண்டு சனிக்கிழமையைக் கொடுத்தார்கள். பிள்ளைகள் சனிக்கிழமையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வியாழனைத் திருப்பித் தரத்தான் யாருக்கும் மனசு வரவில்லை. வியாழன் காலையில் பெயர் கூப்பிட்டால் பதினோரு பேர். மிச்சப் பேருக்கு வயிற்றுவலி, காய்ச்சல், பெரியம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறாள். எங்கள் தலைமையாசிரியரைப் பழைய வழக்கப்படி திரெக்தேர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஆஜர்ப் புத்தகத்தை என் முன்னால் விரித்து, "இன்ஸ்பெக்டர் மொதல்ல பாக்கறது இதத்தாம்மா" என்றார்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். அன்று சாயங்காலமே குருசுக்குப்பத்துக்குப் போய்விட்டேன். என் வகுப்பு செலினுடைய அப்பா மணலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே வயிற்றுவலிக்காரி செலின் நண்டு பிடித்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, வியாழக்கிழமை மட்டும் பொண்ண ஏன் அனுப்ப மாட்டேங்கறீங்க?" என்று கேட்டேன். மனுஷர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் நிதானமாகச் சொன்னார்:

"வெள்ளைக்காரன் போனான், சரி. அவன் குடுத்த லீவும் அவங்கூடவே கப்பலேறணுமா மதாம்?"

கடல் போட்ட சாக்கட்டி

இரண்டு நாள் யோசித்தேன். அடித்து வரவழைக்கலாம், அடுத்த வியாழன் பதினோரு பேர் ஒன்பதாகிவிடும். அப்போதுதான் நான் சின்னப் பெண்ணாகப் படித்தபோது நடந்த பொருள் பாடம் ஞாபகம் வந்தது. மதாம் ஏதாவது ஒரு பொருளை மேசைமேல் வைப்பார். யாரும் தொடக் கூடாது. முதலில் மூன்று கேள்வி: எங்கேயிருந்து வந்தது, எதால் ஆனது, எதற்கு உதவும். அதற்குப் பிறகுதான் கை வைக்கலாம். இதை வியாழனுக்கென்றே வைத்தேன். பொருளை நான் கொண்டுவர மாட்டேன், வாரம் ஒரு பிள்ளை கொண்டுவர வேண்டும் என்று ஒரு கொக்கியும் போட்டேன். முதல் பெயர் செலின். அவள் என்ன கொண்டுவரப் போகிறாள் என்று பார்க்கவே அந்த வியாழன் இருபத்தேழு பேர் வந்துவிட்டார்கள்!

செலின் வைத்தது வெள்ளையாய், உள்ளங்கை நீளத்தில், ஓடம் மாதிரி ஒன்று. கல்லா? தூக்கிப் பார்த்தால் கனமே இல்லை. எலும்பா? நகத்தால் கீறினால் மாவாக உதிர்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்பதைப் பார்த்திருக்கிறேன். நுரை காய்ந்துதான் இப்படி ஆகிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன், அதையே வகுப்பிலும் சொல்லிவைத்தேன். செலின் விழுந்து விழுந்து சிரித்தாள். "நுரையும் இல்ல ஒண்ணும் இல்ல மதாம், கணவா மீனு முதுவுக்குள்ள இருக்கும். ஆயறப்போ எடுத்துத் தூக்கிப் போட்டுடுவோம்" என்றாள். வாளித் தண்ணீரில் போட்டோம், மிதந்தது. உழவர்கரையிலிருந்து வரும் முருகேசன் அதைத் தன் சிலேட்டுப் பலகையில் இழுத்துப் பார்த்தான். வெள்ளையாய்க் கோடு விழுந்தது! இருபத்தேழு தலையும் அந்தப் பலகைமேல் கவிழ்ந்தது. முருகேசன் அண்ணாந்து என்னைப் பார்த்தான்:

"அப்ப ஒரு துண்டு சாக்கட்டிக்கு ஏன் மதாம் திரெக்தேர்கிட்ட அந்தக் கெஞ்சு கெஞ்சறீங்க?"

ஒரு கேள்வி கூடியது

அடுத்த வாரம் அந்துவானுடைய முறை. அவன் அப்பா சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர். அவருடைய அலாரம் கடிகாரத்தைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான். மூன்று கேள்வியும் முடிந்தது. எதற்கு உதவும் என்றதற்கு, "அப்பாவ அஞ்சு மணிக்கு எழுப்பும்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். செலின் கையைத் தூக்கினாள். "இது இல்லாட்டி என்ன ஆவும்?" "அப்பா தூங்கிடுவாரு." "எங்க அப்பாவுக்கு இது இல்லியே, அவரு மூணு மணிக்கே கடலுக்குப் போயிடறாரே?" என் பாடத்தில் இல்லாத கேள்வி இது. ஆனால் நல்ல கேள்வி. அன்றிலிருந்து நாலு கேள்வி என்று ஆகிவிட்டது.

அதுகள் பிறகு எதையும் விட்டுவைக்கவில்லை. மணி இல்லாட்டி என்ன ஆவும்? பிரம்பு இல்லாட்டி? உப்பு இல்லாட்டி? எனக்கே வீட்டுக்குப் போனால் அடுப்பைப் பார்த்து இதே யோசனை. ஒரு வியாழன் முருகேசன் எழுந்து, "திரெக்தேர் இல்லாட்டி என்ன ஆவும்?" என்று கேட்டான். முப்பது பேரும் தீவிரமாக யோசித்துக்கொண்டிருக்கும்போது பார்க்கிறேன், அவர் வாசற்படியில் நிற்கிறார். நல்ல மனுஷர், பிள்ளைகளை ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் தனியாகக் கூப்பிட்டார்:

"இந்த வாரத்துல ஒரு நாளு இன்ஸ்பெக்டர் வர்றாரும்மா, அவரு முன்னால இந்தக் கேள்விக் கச்சேரி வேணாம், வாய்ப்பாடு போதும், ஒங்கப்பாவ நெனச்சிக்குங்க."

மேசைமேல் ஒரு மனிதர்

இன்ஸ்பெக்டர் வியாழக்கிழமை பார்த்தா வர வேண்டும்! அன்று மேசை காலி. பொருள் பாடம் கிடையாது, ஏழாம் வாய்ப்பாடு மட்டும்தான் என்று பிள்ளைகளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். இன்ஸ்பெக்டர் கறுப்புக் குடையோடும் தடித்த மூக்குக் கண்ணாடியோடும் உள்ளே வந்தார். "வணக்கம் முசே" என்று எல்லோரும் எழுந்தார்கள், அதுகளுக்கு ஐயா என்றால் முசேதான். என் நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். அவர் அதை ஆட்டிப் பார்த்துவிட்டு, போகட்டும் என்று மேசைமேலேயே ஏறி உட்கார்ந்தார். பொருள் வைக்கிற இடம். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் தலையை ஆட்டினேன், கண்ணை உருட்டினேன். யார் பார்த்தார்கள்?

"எங்கேருந்து வந்தீங்க முசே?" முருகேசன் ஆரம்பித்துவிட்டான். "கடலூர்ப் பக்கம் தம்பி" என்றார். "ஒங்க கண்ணாடிச் சட்டம் எதால ஆனது?" இது அந்துவான். "ஆமை ஓடுன்னு சொல்லித்தான் குடுத்தான்." செலின் கிட்டே போய்ப் பார்த்து, "இல்ல முசே, ஆமை ஓடு இப்பிடி இருக்காது, ஒங்கள ஏமாத்திட்டான்" என்றாள். "எதுக்கு உதவுவீங்க?" "யாரு நல்லா பாடம் நடத்தறாங்க, யாரு நடத்தலன்னு எழுதறதுக்கு." அவர் பின்னாலேயே வந்திருந்த திரெக்தேர் எனக்கு வாய்ப்பாடு, வாய்ப்பாடு என்று வாயசைத்தார். நாலாவது கேள்வி வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். என் வேலை போச்சு என்றும் தெரிந்துவிட்டது. "நீங்க இல்லாட்டி என்ன ஆவும்?" என்று கேட்டாள் செலின். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார்:

"நான் இல்லாட்டி, ஒங்க மதாம் இன்னிக்குக் காலையில ஒழுங்கா சாப்பிட்டிருப்பாங்க."

இல்லாவிட்டால்

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இப்ப நான் கேக்கறேன்" என்று மேசையை விட்டு இறங்கினார். "ஒங்க மதாம் இல்லாட்டி என்ன ஆவும்?" அழுவார்கள், ஐயோ மதாம் வேண்டும் என்பார்கள், இன்ஸ்பெக்டர் மனசு இளகிவிடும் என்று ஒரு நப்பாசை எனக்கு. செலின் வழக்கம்போல நன்றாக யோசித்தாள். "வேற மதாம் வருவாங்க" என்றாள். படுபாவிப் பெண்ணே, இதற்கா உனக்கு யோசிக்கச் சொல்லிக்கொடுத்தேன்! இன்ஸ்பெக்டர் விடவில்லை. "அவங்க வெறும் வாய்ப்பாடு மட்டும் நடத்தினா?" என்று கேட்டார்.

"நாங்க நாலு கேள்வியும் அவங்களுக்குச் சொல்லிக் குடுப்போம் முசே, ஆனா பாவம், பெரியவங்கல்ல, கத்துக்க நாளாவும்" என்றாள்.

அவர் பேனாவை எடுத்தார். ஆஜர்ப் புத்தகத்தைப் புரட்டி வியாழக்கிழமைகளை மட்டும் விரலால் தடவிக்கொண்டே போனார். பிறகு பள்ளிக்கூடத்துக் குறிப்பேட்டில் எழுதிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தெருமுனை தாண்டும் வரைக்கும் காத்திருந்து திரெக்தேர் அதை உரக்கப் படித்தார்:

"வகுப்பில் சத்தம் அதிகம், குறைக்க வேண்டியதில்லை."

இரண்டு மாதம் கழித்து வேலை நிரந்தரம் என்று வந்த உத்தரவை அப்பாவின் தலைமாட்டில் வைத்துவிட்டு, நிரந்தரம் தலைக்கேறிவிடக் கூடாது என்று அதன் பின்பக்கத்தில் 'வேற மதாம் வருவாங்க' என்று நானே பென்சிலால் எழுதியும் வைத்துக்கொண்டேன்.