ரயில் நிற்காத ஸ்டேஷன்

என் மகன் இருக்கிற ஊர் அமெரிக்காவில், ஒகையோவில். சின்ன ஊர். ஓல்டனிலும் சின்னது. அங்கே அதையும் சிற்றி, நகரம் என்றுதான் சொல்லுகிறார்கள்.

நான் சுவிஸில், ஓல்டனில் இருக்கிறேன். ரயில் பெட்டி துப்புரவாக்கும் வேலை. மனிசி செத்துப்போனபிறகு தனிய. மகன் இங்கே மெஷின் வேலை படித்தான். கொம்பனி அவனை அங்கே அனுப்பியது. இரண்டு வருஷம் என்றான். பிறகு இன்னும் கொஞ்சம் என்றான்.

அவன் போனபிறகு அந்த ஊரை போனில் பார்க்கத் தொடங்கினேன். மேலேயிருந்து பிடித்த படம். வேலையால் வந்து, சோற்றைப் போட்டுக்கொண்டு பார்ப்பேன். மண் நிறத்தில் ஒரு ஆறு. ஊர் ஆற்றின் ஒரு கரையில் மட்டும். தெருவெல்லாம் கோடு போட்ட மாதிரி நேர். நடுவில் சதுரமாக ஒரு புல்வெளி, அதில் கோபுரம் வைத்த நீதிமன்றம். ஊர் முடிந்தால் சோளக்காணி. அதற்கு முடிவில்லை. மலை ஒன்றும் இல்லை. நான் சமைக்கிற குசினி ஜன்னலில் மலைதான் நிற்கும். இங்கேயிருந்து பார்க்க அந்த ஊர் விரித்துப்போட்ட பாய் மாதிரி.

அவன் வீட்டுக் கூரையையும் கண்டுபிடித்தேன். முன்னால் ஒரு மரம்.

ஊருக்குக் குறுக்கே தண்டவாளம் ஓடியது. நீதிமன்றத்துக்குக் கிட்ட ஸ்டேஷன். ஒரு படத்தில் நீளமாக ரயிலும் நின்றது. பெருப்பித்தால் கலங்கிப் போகும். ஆனால் ரயில்தான். எனக்கு மனம் ஆறியது. தண்டவாளமும் ஸ்டேஷனும் இருந்தால் ரயில் நிற்கும். இங்கே மாடு மேய்கிற இடத்திலும் நிற்கிறது. எனக்கு வேறு மாதிரித் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்குச் சொன்னேன்.

"லீவு வருது. உன்னட்ட வருவம் எண்டு பாக்கிறன். நீ மினக்கெடாத. பிளேனால இறங்கி ரயில் எடுத்து வாறன்."

"இங்க ரயில் இல்லையப்பா."

"ஸ்டேஷன் இருக்கே."

"இருக்கு. ரயில் இல்லை. எயார்போர்ட் தூரம். கூட்டிக்கொண்டு வர எனக்கு இப்ப லீவும் இல்லை. பிறகு பாப்பமே அப்பா?"

"ஓம்" என்றேன்.

பக்கத்து ஊரான ஆராவில் ஒரு அண்ணை கடை வைத்திருக்கிறார். அரிசி வாங்க அங்கேதான் போவேன். அவர் கேட்டார்.

"என்னடாப்பா, அமெரிக்கா எப்ப?"

"ரயில் இல்லையாம் அண்ணை."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "தண்டவாளம் கிடக்கு, ஸ்டேஷன் கிடக்கு, ரயில் இல்லையாமோ? ரயில் பெட்டி கூட்டுறவனுக்கே ரயில் இல்லையெண்டு சொல்லியிருக்கிறான். பெடியன் கெட்டிக்காரன்!"

பகிடிக்குத்தான் சொன்னார். அந்தப் பேச்சு ஓல்டன் வரை என்னோடு வந்தது. வராதையுங்கோ என்று சொல்ல வெட்கப்பட்டு, ரயில் இல்லை என்கிறானோ. அவனிடம் கேட்கவில்லை. கேட்டுப் போகிற ஆளில்லை நான். லீவுக்குக் குசினிக்கு வெள்ளை அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் சாப்பிட்டியோ, குளிரோ என்று கேட்டு வைத்துவிடுவேன். படம் பார்க்கிறதையும் விட்டேன்.

வசந்தம் வந்தபிறகு அவனே போன் எடுத்தான். லீவு கிடைத்ததாம். டிக்கெட் போடட்டோ என்றான். கடமைக்குக் கூப்பிடுகிறானோ என்று நினைத்தேன். போடு என்றேன்.

எயார்போர்ட்டில் வந்து நின்றான். மெலிந்திருந்தான். காரில் கனநேரம் ஓடினோம். ஊர் தொடங்குகிற இடத்தில் பலகை ஒன்று, ஊரின் பெயரும் சனத்தொகையும் எழுதி.

"உன்னையும் சேர்த்தோ?" என்று கேட்டேன்.

"இல்லையப்பா. பத்து வருஷத்துக்கு ஒருக்காத்தான் எண்ணுவினம். நான் பிறகு வந்தனான்."

கடைத்தெருவில் பாதிக் கடைக்குப் பலகை அடித்திருந்தது. ஆளைக் காணவில்லை.

சனிக்கிழமை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனான். உள்ளே ஊரின் பழைய சாமான்களை வைத்திருந்தார்கள். சனிக்கிழமை மட்டும் திறப்பார்களாம். ஒரு கிழவர் காவல். சுவரெல்லாம் படம். முதலில் வாய்க்கால் வெட்டி, வள்ளத்தைக் குதிரை இழுத்திருக்கிறது. பிறகு ரயில் வந்து வாய்க்கால் தூர்ந்தது. கண்ணாடித் தொழிற்சாலை வந்து சனம் கூடியது. அது பூட்ட, சனம் போனது. அதற்கெல்லாம் முதல் இருந்த பூர்வகுடி ஆட்களைத் துரத்திவிட்டார்கள். அவர்களுக்கு மூலையில் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே கல் அம்பு முனைகள், ஒரு வரி எழுத்து. அதில்தான் கூடநேரம் நின்றேன்.

ஒரு படத்தில் அதே மேடை, தொப்பி போட்ட சனம் நெருக்கிக்கொண்டு. ஆள் ஏற்றுகிற ரயில் என் வயதுக்கு முதலே நின்றுவிட்டதாம். மகன் வாசித்துச் சொன்னான். நான் தலையாட்டினேன்.

அப்போது ஊதிக்கொண்டு ரயில் வந்தது. கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. சாமான் பெட்டிகள். போய்க்கொண்டே இருந்தது. நிற்கவில்லை.

கிழவர் என்னிடம் வந்து கைகொடுத்தார். மகனைக் காட்டி ஏதோ சொன்னார். எனக்கு இங்கிலீஷ் மட்டுமட்டு. "எவ்ரி சற்றடே" என்றது விளங்கியது.

மகனைப் பார்த்தேன். "ஒவ்வொரு சனியும் இஞ்ச வாறனியோ?"

"வேற எங்கயப்பா போறது?" ஜன்னலடி வாங்கை, பழைய மர இருக்கையைக் காட்டினான். "அதில இருப்பன். இந்த ரயில் போகேக்க வீட்டில நிண்ட மாதிரி இருக்கும். எங்கட ஓல்டன் வீட்டில."

எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் தண்டவாளம்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "உங்கட டிக்கெட் தேதியை மாத்தட்டோ? இன்னும் கொஞ்ச நாள்."

"மாத்து" என்றேன்.

வேலையிடத்துச் செஃபுக்குப் போன் அடித்துச் சம்பளமில்லாத லீவு கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டு தந்தான்.

அடுத்த சனியும் போனோம். வாங்கில் இரண்டு பேரும் இருந்தோம். ரயில் வந்தது. அது போய் முடியும்வரை பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தோம்.