நம்பர் கழற்றிய வில்லா

ரெங்கராஜ் அண்ணனுக்கு துபாய் சத்வாவில் ஒரு வீட்டின் நம்பர்கூடத் தெரியாது. “சலூனுக்கு எதுத்த சந்து, மூணாவது கதவு, வாசல்ல செருப்பு மலையாக் கெடக்கும்.” இப்படித்தான் பத்தொன்பது வருடம் வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போட்டார். அறந்தாங்கிப் பக்கத்து ஆள். சிலிண்டரை மாட்டிவிட்டுச் சும்மா வரமாட்டார். சோப்பு நுரை தடவி, குமிழ் வருகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவார்.

அண்ணனும் நாங்களும் இருந்தது ஒரு பழைய வில்லா. ஐந்து அறைகளைப் பிளைவுட் வைத்துத் தடுத்து இருபத்திரண்டு பேர் படுத்திருந்தோம். வில்லாவை மொத்தமாக வாடகைக்கு எடுத்து எங்களுக்குக் கட்டில் கட்டிலாக விட்டிருந்தவர் ஹஸ்னைன் பாய், பாகிஸ்தான்காரர்.

போன வருடம் எங்கள் பகுதியை இடிக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு சந்தாகக் காலி செய்து நீலத் தகர வேலி அடித்தார்கள். வேலிக்குப் பின்னால் எழும் கட்டடங்களுக்குக் குழாயிலேயே கேஸ் வரும். அண்ணனின் வாடிக்கை பாதியாகக் குறைந்தது. கம்பெனியில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: மார்ச்சில் விசா முடிகிறது, வயதும் அறுபது, இனிப் புதுப்பிக்க மாட்டோம். அதுவரை சத்வாவிலேயே இருந்து ஓட்டினால் ஓட்டு, இல்லையென்றால் இப்போதே ஊருக்கு டிக்கெட்.

அவருக்கு அந்த மார்ச் வேண்டும். மகள் சங்கீதாவுக்கு நர்சிங் கடைசி வருடம்.

செப்டம்பரில் எங்கள் கதவிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஹஸ்னைன் பாய் வந்து, “கலாஸ் பாய், முடிஞ்சுபோச்சு, எல்லாரும் வேற எடம் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். பதின்மூன்று பேர் கிளம்பினார்கள். ஒன்பது பேர் இருந்தோம். இன்ஸ்பெக்‌ஷன் ஆட்கள் வாசல் நம்பரைப் பார்த்துத்தான் லிஸ்டில் டிக் அடிக்கிறார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது.

யோசனை என்னுடையது. நான் பி.காம். படித்தவன், டைப்பிங் சென்டரில் விசா பாரம் நிரப்பும் வேலை. துபாயில் ஒவ்வொரு கட்டடத்தின் வாசலிலும் பத்து இலக்க எண் பதித்த தகடு இருக்கும். மக்கானி நம்பர் என்பார்கள். அதைச் சொன்னால் எந்த வண்டியும் நேரே வந்து நிற்கும்.

“அந்தத் தகட்டக் கழட்டிட்டா, இடிக்கப்போற காலி வீடுன்னு நெனச்சுக் கடந்து போயிருவாங்கண்ணே” என்றேன்.

அண்ணன் காலி சிலிண்டர் மேல் ஏறி நின்று அவரே திருகாணியைக் கழற்றினார். “டிகிரின்னா சும்மாவா” என்றார்.

“இவ்வளவு மூளைய வச்சுக்கிட்டு ஏன் மாப்ள உன்னால ஒரு ஃபேமிலி விசா எடுக்க முடியல?” என்றான் ராமையா. அறையில் சமைப்பவன், வாய் சும்மா இருக்காது.

தகட்டைப் பக்கத்து இடிபாட்டில் எறிந்தோம். எண்ணைக் குறித்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.

பிறகு யாரும் வரவில்லை. என் யோசனைதான் வேலை செய்கிறது என்று நினைத்தோம்.

ஜனவரி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு சிலிண்டர் போட்டுவிட்டு வந்த அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தார். “நெஞ்சப் புடிக்கிது தம்பி. வாயுவா இருக்கும்” என்றார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. ஆம்புலன்ஸுக்கு அடித்தேன். எடுத்த பெண் முதலில் கேட்டது மக்கானி நம்பர்.

இல்லை என்றேன். பக்கத்துக் கட்டடத்தின் நம்பர்? பக்கத்தில் கட்டடமே இல்லை. லொகேஷன் அனுப்பினேன்.

“நான் வழி சொல்றேன், நீ இங்கிலீஷ்ல சொல்லு” என்றார் அண்ணன், படுத்தபடியே. “ஈசா கஃபெடேரியாவுல லெஃப்ட்டு...”

“அதை இடிச்சாச்சுண்ணே.”

“அப்ப ஈரானி ரொட்டிக் கடை.”

“அதுவும் போயிருச்சு.”

“ரெண்டு பேரீச்ச மரம் நிக்குமே?”

இல்லை என்று தலையாட்டினேன். “அப்ப நீயே பாத்துச் சொல்லு” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

சைரன் சத்தம் கேட்டது. வெளியே ஓடினேன். வண்டி தகர வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது. நான் அனுப்பிய லொகேஷனுக்குப் போன் காட்டிய பாதை, மூடிவிட்ட பழைய சந்து. ராமையா சோற்றுச் சட்டியை எடுத்து வந்து தகரத்தில் அடித்தான். அவர்கள் பெரிய ரோட்டைச் சுற்றி, மண் குவியல்களுக்கு நடுவே வழி கண்டுபிடித்து வந்து சேர, நான் கூப்பிட்டதிலிருந்து முப்பத்திமூன்று நிமிடம் ஆனது. நெஞ்சை அமுக்கினார்கள், ஷாக் கொடுத்தார்கள், தூக்கிப் போனார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் வெளியே வந்து, நான் உறவா என்று கேட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அதிகாரிகள் வந்தார்கள். அவர்களிடம் இருந்த வரைபடத்தில் எங்கள் வில்லா முதலிலிருந்தே இருந்தது. வில்லாவின் சொந்தக்காரருக்கு ஜனவரி கடைசிவரை அவகாசம் கொடுத்திருந்ததால்தான் இத்தனை நாள் யாரும் வரவில்லை. தகடு இருந்ததா இல்லையா என்று ஒருவரும் பார்க்கவில்லை. மார்ச் எப்படியும் அவருக்குக் கிடைத்திருக்காது.

அண்ணனைச் சுமந்த பெட்டி திருச்சிக்குப் போய்ச் சேர்ந்து, காரியம் முடிந்த பிறகு அவர் மனைவி சீதாலட்சுமி அக்கா போன் செய்தார்.

“அங்க கூப்ட ஒடனே ஆம்புலன்ஸ் வந்துரும்னு சொல்லுவாரு. வந்துச்சா தம்பி?”

“வந்துச்சுக்கா.”

“அதுக்கு மேல நம்ம கையில என்ன இருக்கு” என்றார். அழவில்லை. “இதையே சங்கீதாகிட்டயும் சொல்லுங்க. அவ என்னையப் போட்டுத் தொளைக்கிறா.”

போன் கை மாறியது.

“சித்தப்பா, கூப்பிட்டு எத்தன நிமிஷத்துல வந்துச்சு?”

“எட்டு நிமிஷம்மா.”

வார்டில் இதையெல்லாம் தினமும் பார்க்கிற பெண்.

“எட்டு நிமிஷத்துல வந்துமா சித்தப்பா?” என்றாள்.

“ஆமாம்மா” என்றேன்.