அணையாத கீசர்

தெய்வம்மா கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவள். லயத்துக்குப் பின்னால் ஒரு தகர டிரம்மில் எல்லோருக்கும் வெந்நீர் காயும். அடியில் தேயிலைச் செடியை வெட்டிப்போட்ட மிலாறுக் குச்சிகள் எரியும். அந்த அடுப்பை அணையவிடக் கூடாது. அணைந்தால், மழையில் நனைந்த மிலாறை மறுபடி பற்றவைப்பதற்குள் உயிர் போய்விடும். தணலைச் சாம்பலால் மூடி வைத்துக் காப்பாற்றுவார்கள்.

அறுபது வயதுக்கு மேல், நோயாளியைப் பராமரிக்கும் பயிற்சியை முடித்துக் குன்னூரில் அம்புரோஸ் சார் வீட்டுக்கு வேலைக்கு வந்தாள். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோன மனிதர். மகள் எல்சா லவ்டேலில் டீச்சர். காலை ஏழுக்கு, கீசரை அணைத்துவிட்டுத்தான் வீட்டைவிட்டுக் கிளம்புவாள். அவள் தலை மறைந்ததும் தெய்வம்மா மறுபடி போட்டுவிடுவாள். சாரைக் குளிப்பாட்டுவது பத்து மணிக்கு. அதற்குப் பிறகும் அணைப்பதில்லை. சாயங்காலம் எல்சா வருவதற்குச் சற்று முன்னால்தான் அணைப்பாள். தண்ணீரைத் திறக்காதபோது சூடு எங்கே போய்விடும் என்பது அவள் எண்ணம்.

மின்கட்டணம் இரட்டிப்பாக வந்தது. அன்று சாரைப் பார்க்க வந்திருந்த அவர் தங்கை தபித்தாள், "என்ன எல்சா, வீட்டுக்குள்ள மில்லு ஓட்றியா?" என்றாள்.

"எல்சா பாப்பா தலைக்கு ஊத்துனா ஒரு ஆறே வேணுமுங்க. நான் சாரை அரை பக்கெட்டுல குளிப்பாட்டி முடிச்சுருவேனுங்க" என்று தெய்வம்மா முந்திக்கொண்டாள்.

தபித்தாள் விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாளிலிருந்து எல்சா பச்சைத் தண்ணீரில் குளித்தாள். குன்னூர் டிசம்பரில், விடியக்காலையில். குளியலறைக்குள் அவள் மூச்சை இழுத்துப் பிடிப்பது தெய்வம்மாவுக்கு வெளியே கேட்கும். பாப்பாவுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் எல்சாவுக்குக் காய்ச்சல். பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுக் குளியலறையை ஒட்டிய அறையில் படுத்திருந்தாள். மத்தியானம் கூப்பிட்டாள்.

"தெய்வம்மாக்கா, பாத்ரூம்ல யாரு?"

"யாருமில்ல பாப்பா. சார் அப்பவே குளிச்சுட்டாருங்களே."

"அப்புறம் ஏன் கீசர் டிக்குடிக்குன்னுது? மூணாந்தரம் கேக்குது."

தெய்வம்மா போய்ப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. எல்சா போர்வையோடு பின்னாலேயே வந்து, அவள் கையைப் பிடித்துக் கீசரின் மேல் வைத்தாள். வெதுவெதுவென்று இருந்தது.

"சூடு இப்படியே வெளிய போவுதுக்கா. ஆற ஆற அது மறுபடி காய வைக்கும். நாள் பூராவும் போட்டிருந்தீங்களா?"

"அணைச்சா மறுபடி சூடாக ரொம்ப நேரம் பிடிக்கும்னு…" தெய்வம்மா சுவிட்சை அணைத்தாள். ஈரக் குளிரில் நோயாளியை வைக்காதே என்று பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நோயாளியை வைக்கவில்லை. நன்றாக இருந்த பெண்ணை வைத்திருக்கிறாள்.

எல்சா யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் தெய்வம்மாவைத் தின்றது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்த தபித்தாள் வாசலிலேயே ஆரம்பித்தாள்: "என்ன, ஆறு வத்திருச்சா?"

எல்சா சிரித்து மழுப்பினாள். தெய்வம்மா சாரின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துண்டைக் கீழே வைத்தாள்.

"பாப்பா மேல தப்பில்லீங்கம்மா. பகல் பூராவும் கீசரைப் போட்டு வச்சது நானுங்க. பழியத் தூக்கி அதும் மேல போட்டுட்டேன்."

சார் இடது கையால் தெய்வம்மாவின் முந்தானையைப் பிடித்து மெல்ல இழுத்தார். துடைத்தது பாதியில் நின்றிருந்தது.

இப்போது கீசர் குளிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால்தான் எரிகிறது. எல்சாவுக்குத் தெய்வம்மாவே போட்டுவைக்கிறாள்.

"சூடு இருக்கு பாப்பா, நல்லா ஊத்திக்க."

உள்ளே நான்கே நான்கு சொம்புத் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். உடனே குழாய் மூடிக்கொள்ளும். தெய்வம்மா கதவுக்கு வெளியே துண்டோடு நிற்பாள்.